ஆட்சியோடு நடந்த தொகுதி: திருச்செங்கோட்டின் தேர்தல் வரலாறு

சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையில், காவிரியின் இடக்கரையை ஒட்டி விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளியில், அர்த்தநாரீசுவரர் மலையைச் சுற்றி வளர்ந்த திருச்செங்கோடு, தமிழகச் சட்டமன்றத் தேர்தல்களின் கணக்கில் ஒரு தனி இயல்பு கொண்ட தொகுதியாகும். 1967 முதல் 2021 வரை நடைபெற்ற 13 சட்டமன்றப் பொதுத் தேர்தல்களில் 12 முறை, சென்னையில் ஆட்சி அமைத்த கட்சியின் வேட்பாளரோ அக்கட்சியின் கூட்டணியில் நின்றவரோதான் இங்கு வென்றிருக்கிறார். 2006ஆம் ஆண்டு ஒன்றே இதற்கு விலக்கு. இதைத் தேர்தல் சோதிடமாகப் பார்க்கும் வழக்கம் அரசியல் பேச்சில் உண்டென்றாலும், வரலாற்று நோக்கில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிலவுடைமைக் குடும்பங்களின் செல்வாக்கும் காங்கிரசின் கதர், மதுவிலக்குப் பணியும் வேரூன்றிய ஒரு வட்டம், எவருடைய தனிக் கோட்டையாகவும் நிலைக்காமல் மாநிலத்தின் பொது அலையோடு செல்லும் தொகுதியாக எப்படி மாறியது என்பதே அக்கேள்வி. சங்ககிரிக்கு வடக்கே இருக்கும் எடப்பாடித் தொகுதி இதே காலத்தில் மூன்று முறை ஆட்சிக்கு எதிரான திசையில் வாக்களித்திருப்பதால், அருகருகே உள்ள இவ்விரண்டையும் ஒப்பிடுவது பயன் தரும்.

வாக்குரிமை என்பது சொத்துரிமையின் நிழலாக இருந்த காலத்தில்தான் இவ்வட்டாரத்தின் தேர்தல் வரலாறு தொடங்குகிறது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியைக் கொண்டுவந்தது. அதாவது கல்வி, உள்ளாட்சி, சுகாதாரம் போன்ற துறைகள் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான இந்திய அமைச்சர்களிடமும், நிதி, காவல் போன்றவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமும் விடப்பட்டன. அச்சட்டத்தின்கீழ் 1920இல் நடந்த தேர்தலில் நிலவரியோ நகராட்சி வரியோ குறிப்பிட்ட அளவு செலுத்தியவர்களே வாக்களிக்க முடிந்தது. பெருநிலக்கிழார்களுக்கெனத் தனித் தொகுதிகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. அத்தகைய தொகுதி ஒன்றிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குச் சென்றவர்தான் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தாரான பி. சுப்பராயன். 1926 தேர்தலில் சுயராச்சியக் கட்சி 41 இடங்களைப் பெற்றுத் தனிப்பெரும் கட்சியாக வந்தும், இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற கொள்கையால் அமைச்சரவை அமைக்க மறுத்தது. நீதிக்கட்சிக்கோ போதிய இடங்கள் இல்லை. இந்நிலையில், எக்கட்சியையும் சாராத சுப்பராயனை ஆளுநர் கோஷன் அழைக்க, அவர் 1926 டிசம்பரில் மாகாணத்தின் முதலமைச்சரானார். நியமன உறுப்பினர்களின் ஆதரவில் தொடங்கிய அந்த அமைச்சரவை, சைமன் குழுவைப் புறக்கணிப்பது பற்றிய பிணக்கில் இரு அமைச்சர்களை 1928இல் இழந்தபின் நீதிக்கட்சியின் துணையோடு 1930 வரை நீடித்தது. சேலம் மாவட்டத்தின் இந்தப் பகுதி அளித்த முதல் முதலமைச்சர் தம் சொந்த வட்டத்து மக்களில் பெரும்பான்மையோருக்கு வாக்கே இல்லாத ஒரு முறையில் அப்பதவியை அடைந்தார் என்பது மறக்கத்தக்கதன்று.

அந்த வாக்குரிமையை விரிவாக்கும் பணியில் அதே குடும்பத்திலிருந்து ஒருவர் ஈடுபட்டதும் இங்குக் குறிக்கத்தக்கது. சுப்பராயனின் மனைவி ராதாபாய், லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இந்தியப் பெண்களில் ஒருவர்; 1932இல் இந்தியாவில் வாக்குரிமையை எந்த அளவுக்கு விரிவாக்கலாம் என்று ஆராய்ந்த லோதியன் குழுவில் உறுப்பினராக இருந்தவர். சென்னை மாகாணம் 1921லேயே பெண்களுக்கு வாக்குரிமை அளித்திருந்தபோதும், சொத்துத் தகுதி நீடித்ததால் அவ்வுரிமை மிகச் சிலரையே சென்றடைந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் தொகையைப் பலமடங்கு பெருக்கியது எனினும், வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்கும் நிலைக்கு இன்னும் 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வாக்கில்லாத மக்களிடையே நிகழ்ந்த அரசியலுக்கு வேறொரு மையம் இருந்தது. சேலம் நகராட்சியின் தலைவராக 1917 முதல் 1919 வரை பணியாற்றிய சி. ராஜகோபாலாச்சாரி, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு வட்டத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மழை பொய்க்கும் ஆண்டுகளில் நூற்பும் நெசவும் கூலிக்கு வழியாகும் என்பதும், கள்ளுக்கடையில் கரையும் வருமானத்தைத் தடுக்க வேண்டும் என்பதும் அந்த ஆசிரமத்தின் இரு பெரும் வேலைத்திட்டங்கள். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ இதழில் ராஜாஜிக்குத் துணையாகக் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி பணியாற்றினார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வென்று ராஜாஜி மாகாணப் பிரதமரானபோது, காங்கிரசில் சேர்ந்துவிட்டிருந்த சுப்பராயன் அவருடைய அமைச்சரவையில் சட்டத்துக்கும் கல்விக்கும் பொறுப்பேற்றார். ஒரே வட்டத்தின் ஆசிரமமும் ஜமீனும் ஒரே அமைச்சரவையில் கூடிய இந்த நிகழ்வின் முதல் பலன் சேலம் மாவட்டத்துக்கே கிட்டியது: 1937 அக்டோபர் 1ஆம் நாள், இந்த மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக அம்மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெரிய வீடுகளின் செல்வாக்கும் ஆசிரமத் தொண்டர்களின் தார்மிக மதிப்பும் இணைந்த காங்கிரஸ்தான் விடுதலைக்குப் பிந்தைய முதல் பதினைந்து ஆண்டுகளில் இவ்வட்டாரத்தை ஆண்டது என்று சொன்னால் தவறாகாது.

வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் முதல் பொதுத் தேர்தல் சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் நடந்தபோது, ஆந்திரப் பகுதியையும் மலபாரையும் உள்ளடக்கிய சட்டமன்றத்தில் 375 இடங்கள் இருந்தன. எழுத்தறியாதவர் மிகுந்திருந்ததால், வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறை அப்போது இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் அவருடைய சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட, வாக்காளர் தம் சீட்டை விரும்பிய பெட்டியில் இட்டார். அரசியல் நிர்ணய சபையின் இளம் உறுப்பினர்களில் ஒருவராக இருந்த டி.எம். காளியண்ணன் இத்தேர்தலில் அண்டைத் தொகுதியான ராசிபுரத்திலிருந்து காங்கிரஸ் சார்பில் வென்றார். பின்னர் 1957லும் 1962லும் திருச்செங்கோட்டின் உறுப்பினரானார். 1957இல் திருச்செங்கோடு இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஓர் இடத்தையும் பொது இடம் ஒன்றையும் ஒரே பெரிய நிலப்பரப்பில் இணைத்து, வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் அளிப்பதே அம்முறை. அம்முறையில் காளியண்ணனோடு ஆர். கந்தசாமியும் காங்கிரஸ் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். பரப்பும் செலவும் மிகுந்திருந்ததோடு, பொது இடத்தையும் ஒதுக்கீட்டு வேட்பாளரே பெறக்கூடும் என்ற சிக்கலும் இருந்ததால், 1961இல் இயற்றப்பட்ட தனிச்சட்டத்தின் வழியாக இரட்டைத் தொகுதிகள் நீக்கப்பட்டு, 1962 முதல் திருச்செங்கோடு ஓர் உறுப்பினரை மட்டுமே அனுப்பிவருகிறது.

காளியண்ணனின் செல்வாக்கு சட்டமன்றத்தில் மட்டும் உருவானதன்று. 1950களில் சேலம் ஜில்லா போர்டின், அதாவது பள்ளிகள், சாலைகள், மருந்தகங்கள் ஆகியவற்றை மாவட்ட அளவில் நிர்வகித்த உள்ளாட்சி மன்றத்தின், தலைவராக அவர் இருந்தார். காமராஜர் ஆட்சியின் பள்ளிப் பெருக்கத்தை இம்மாவட்டத்து ஊர்களுக்குக் கொண்டுசேர்த்ததில் அப்பதவிக்குப் பெரும் பங்குண்டு. ஊருக்கு ஒரு பள்ளி, அதற்கு ஒரு கட்டடம், அதற்கு இடம் கொடுக்கும் ஒரு நிலக்காரர் என்று பின்னப்பட்ட அந்தத் தொடர்புகளே காங்கிரசின் உண்மையான வாக்குக் கட்டமைப்பாக இருந்தன. ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தபின், மாவட்டம் முழுவதையும் ஒருங்கே பிடித்திருந்த அத்தகைய தலைமை மெல்ல மெல்ல வலுவிழந்தது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் எழுச்சியைப் பேசும்போது மேடைப் பேச்சுக்கும் திரைப்படத்துக்கும் தரப்படும் முக்கியத்துவத்தில் சிறிதளவாவது இந்த நிர்வாக மாற்றத்துக்கும் தரப்பட வேண்டும்.

காங்கிரசின் அடித்தளம் ஆட்டம் கண்டிருப்பதை வெளிக்காட்டியது ஒரு நாடாளுமன்ற இடைத்தேர்தல். சட்டமன்றத் தொகுதியின் பெயரையே தாங்கிய திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியிலிருந்து 1957லும் 1962லும் வென்ற சுப்பராயன், நேரு அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறைகளை வகித்தபின் 1962இல் மகாராஷ்டிர ஆளுநராகச் சென்று, அவ்வாண்டே அக்டோபரில் காலமானார். அவர் விட்ட இடத்தை 1963 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் எஸ். கந்தப்பன் கைப்பற்றினார். சுப்பராயன் 1955இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்து, இந்தியை விரைந்து புகுத்தும் பரிந்துரைக்கு எதிராக, வங்க மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியைப் போலவே தனிக்குறிப்பு எழுதியவர். அந்த எச்சரிக்கையை அவருடைய கட்சி பொருட்படுத்தாமல் ஆட்சிமொழிச் சட்டத்தை இயற்றிய 1963ஆம் ஆண்டிலேயே, அதே மொழிக் கவலையைத் தெருவுக்குக் கொண்டுவந்த கட்சி அவருடைய தொகுதியை எடுத்துக்கொண்டது. இடைத்தேர்தல் ஒன்றைக் கொண்டு பெருமாற்றங்களை அளப்பது பொதுவாகப் பிழையில் முடியும். திருச்செங்கோட்டின் முடிவு அதற்கு விலக்காக நின்று, நான்காண்டுகளுக்குப் பின் வரவிருந்ததை முன்கூட்டிக் காட்டியது.

1967இல் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டுச் சட்டமன்றத்தின் இடங்கள் 234 ஆயின. அந்த எண்ணிக்கை இன்றுவரை மாறவில்லை. அத்தேர்தலில் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு அணி சேர்ந்திருந்ததால், புதுப்பாளையம் ஆசிரமத்தை நிறுவியவரே காங்கிரசைத் தோற்கடிக்குமாறு கேட்கும் நிலை இவ்வட்டாரத்தில் ஏற்பட்டது. சட்டமன்றத்துக்குத் தி.மு.க.வின் டி.ஏ. இராஜவேலுவும், மக்களவைக்கு அதே கட்சியின் க. அன்பழகனும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த அன்பழகன் இங்கு வந்து நின்று வென்றது, வேட்பாளர் உள்ளூர்ப் பெரிய வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் முறிந்ததன் அடையாளம். 1971இல், இடைத்தேர்தல் வெற்றியாளரான கந்தப்பன் சட்டமன்ற உறுப்பினரானார். அவ்வாண்டுதான் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. தேர்தல் முடிந்தபின் வந்த அத்தளர்வு, 34 ஆண்டுகளுக்கு முன் மதுவிலக்கு பிறந்த மாவட்டத்துக்கும் பொருந்தியது.

எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க. 1977இல் ஆட்சியைப் பிடித்தபோது, வழக்கறிஞரான சி. பொன்னையன் திருச்செங்கோட்டில் வென்றார். 1980, 1984 தேர்தல்களிலும் அவரே வென்று, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்றார். நெடுங்காலம் நீடித்த ஒரே உறுப்பினர் என்ற வகையில் அவரைத் தொகுதியின் ஆளுமை எனச் சொல்ல இடமுண்டு. ஆயினும் 1980ஆம் ஆண்டின் இரு தேர்தல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. அவ்வாண்டு ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில், இந்திரா காங்கிரசோடு அணி சேர்ந்த தி.மு.க. திருச்செங்கோட்டை வென்றது; அ.தி.மு.க. மாநிலம் முழுவதிலும் கோபிச்செட்டிபாளையம், சிவகாசி ஆகிய இரண்டு தொகுதிகளோடு நின்றது. அதைக் காரணமாகக் கொண்டு மாநில அரசு கலைக்கப்பட்டபின், மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் பொன்னையன் மீண்டும் வென்றார். ஐந்து மாத இடைவெளியில் டெல்லிக்கு ஒரு கட்சியையும் சென்னைக்கு மற்றொரு கட்சியையும் தேர்ந்தெடுத்த இந்த வாக்காளர்களை, சாதியோ தலைவரோ சொன்னபடி மொத்தமாக நகரும் கூட்டமாக விவரிப்பது பொருந்தாது.

இதற்குள் சமவெளியின் தொழில் முகம் மாறிவிட்டிருந்தது. பருத்தி, நிலக்கடலை, ஆமணக்கு என்றிருந்த மேட்டு நிலங்களில் கிணறுகள் ஆழமாகி, ஆழ்துளைக் கிணறுகளுக்கு வழிவிட்டன; அக்கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைச் சொந்தமாக வைத்து, இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் அனுப்பும் தொழிலின் தலைமையிடமாகத் திருச்செங்கோடு வளர்ந்தது. சங்ககிரியும் நாமக்கல்லும் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்றன. காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கைத்தறி இருந்த இடத்தை விசைத்தறி பிடித்துக்கொள்ள, கூலிக்குத் தறி ஓட்டும் ஆயிரக்கணக்கானோர் அங்குக் குடியேறினர். 2008 மறுவரையறைக்கு முன்பு இந்த விசைத்தறி ஊர்களும் திருச்செங்கோடு தொகுதிக்குள் அடங்கியிருந்ததால், நிலக்காரர், ரிக் உரிமையாளர், நெசவு முதலாளி, தறித் தொழிலாளி, அருந்ததியர் குடியிருப்புகளின் விவசாயக் கூலி ஆகிய அனைவரும் ஒரே வாக்காளர் பட்டியலில் இருந்தனர். கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகமும் செங்குந்த முதலியார் சமூகமும் எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் முக்கியமானவை என்றாலும், அவற்றுள் எதுவும் பிறரின் துணையின்றித் தனித்து வெல்லும் நிலையில் இருந்ததாகத் தேர்தல் முடிவுகள் காட்டவில்லை.

இந்தக் கலப்பின் மிகத் தெளிவான வெளிப்பாடு 1989 தேர்தல். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. ஜெயலலிதா அணியாகவும் ஜானகி அணியாகவும் பிரிந்து, இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டு, முன்னவர் சேவல் சின்னத்திலும் பின்னவர் இரட்டைப் புறா சின்னத்திலும் நிற்க, ஜி.கே. மூப்பனார் தலைமையில் காங்கிரசும் தனித்து நின்றதால் அது நான்குமுனைப் போட்டியாக அமைந்தது. தி.மு.க. தன் கூட்டணியில் திருச்செங்கோட்டை மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு விட்டுக்கொடுக்க, அக்கட்சியின் வி. இராமசாமி வென்றார். நிலவுடைமையாளர் செல்வாக்குக்குப் பெயர்பெற்ற வட்டத்தில் கம்யூனிஸ்ட் ஒருவர் வென்றதை, விசைத்தறித் தொழிற்சங்கங்களின் உழைப்பின்றி விளக்க முடியாது. கூட்டணியும் எதிரிகளின் பிளவும் இன்றி அச்சங்கங்களின் பலம் மட்டும் அவ்வெற்றிக்குப் போதியிருக்காது என்பதும் அதே அளவு உண்மை. கட்சித் தலைமைகளின் தொகுதிப் பங்கீட்டுப் பேச்சில் திருச்செங்கோடு கைமாறத் தொடங்கியது இந்தத் தேர்தலிலிருந்துதான்.

அதே 1989 தேர்தலில் எடப்பாடியில் நடந்தது இதற்கு நேரெதிரானது. மாநிலம் தி.மு.க. பக்கம் சாய்ந்தபோது, அங்குச் சேவல் சின்னத்தில் நின்ற கே. பழனிசாமி 1,364 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1991இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் எழுந்த அ.தி.மு.க.–காங்கிரஸ் அலையில் அவர் மீண்டும் வென்றதில் வியப்பில்லை. திருச்செங்கோட்டிலும் அவ்வலையிலேயே டி.எம். செல்வகணபதி வென்று அமைச்சரானார். வேறுபாடு 1996இல் வெளிப்பட்டது. தி.மு.க.–தமிழ் மாநில காங்கிரஸ் அலை வீசிய அத்தேர்தலில் திருச்செங்கோடு தி.மு.க.வின் டி.பி. ஆறுமுகத்தைத் தேர்ந்தெடுத்தது. எடப்பாடியோ, இரு பெரும் கழகங்களையும் ஒதுக்கிவிட்டு, பாட்டாளி மக்கள் கட்சியின் ஐ. கணேசனைத் தேர்ந்தெடுத்தது; இவர் 1977லும் 1980லும் அதே தொகுதியில் அ.தி.மு.க. உறுப்பினராக இருந்தவர். 1987ஆம் ஆண்டின் சாலைமறியல் போராட்டத்துக்கும், 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்ததற்கும் பின் திரண்ட வன்னியர் வாக்கு, பெரிய கூட்டணி இல்லாமலே வெல்லும் அளவுக்கு அங்கு அடர்த்தியாக இருந்தது. அவ்வாண்டு மாநிலம் முழுவதிலும் பா.ம.க. பெற்ற நான்கு இடங்களில் எடப்பாடி ஒன்று. இரு தொகுதிகளும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருந்தும், ஒன்றில் சமூகத் திரட்சி தனிப்பட்ட வெற்றியாக மாறியது. மற்றொன்றில் அது கூட்டணிப் பேரத்தின் ஒரு பொருளாக மட்டுமே பயன்பட்டது.

ஆற்றின் மறுகரையிலுள்ள மொடக்குறிச்சியில் அதே 1996இல் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டு ஒரு சிறுநூலாகவே அச்சிடப்பட்ட நிகழ்ச்சியையும் இங்கு ஒதுக்கிவிட முடியாது. விவசாயிகளின் குறைகளை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவர எடுத்த அம்முயற்சியால் வேட்பாளரின் வைப்புத்தொகையே திருத்தப்பட வேண்டிய அவசியம் உணரப்பட்டு, சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அத்தொகுதியில் வென்ற சுப்புலட்சுமி ஜெகதீசன் 2004இல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியின் கடைசி உறுப்பினரானார். அதற்கு முன் 1998இல் அதே மக்களவைத் தொகுதியை வென்ற எடப்பாடி பழனிசாமி, 1999இல் ம.தி.மு.க.வின் மு. கண்ணப்பனிடமும் 2004இல் சுப்புலட்சுமியிடமும் தோற்று, 2006இல் எடப்பாடி சட்டமன்றத் தொகுதியிலும் பா.ம.க.வின் வி. காவேரியிடம் தோற்றார். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் முதலமைச்சராகப் போகிறவரின் அரசியல் வாழ்வு அப்போது முடிந்துவிட்டதாகவே பலர் கருதியிருக்கக்கூடும்.

நிர்வாக எல்லைகளும் இக்காலத்தில் மாறின. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதால், திருச்செங்கோடு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. எடப்பாடியும் சங்ககிரியும் சேலத்திலேயே தங்கின. 2001இல் பொன்னையன் நான்காம் முறையாகத் திருச்செங்கோட்டில் வென்று, ஜெயலலிதா அரசின் நிதியமைச்சரானார். மாநிலத்தின் கடனுக்கும் பற்றாக்குறைக்கும் வரம்பு விதிக்கும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003இல் அவர் பொறுப்பிலிருந்தபோது வந்தது. மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே ஏற்றுக்கொண்டு, அரசின் வருவாய்க்கு அது ஒரு பெரும் தூணாக மாறியதும் அதே ஆண்டில்தான். புதுப்பாளையம் ஆசிரமம் அமைந்த தொகுதியின் உறுப்பினர் நிதிநிலை அறிக்கையில் அந்த வருவாயைக் கணக்கிட வேண்டியிருந்தது, வரலாறு தன் போக்கில் செய்துகொண்ட கேலி என்றே கொள்ளலாம்.

2006ஆம் ஆண்டின் விலக்கு இந்த இடத்தில் வருகிறது. தி.மு.க. 96 இடங்களோடு சிறுபான்மை அரசு அமைத்த அத்தேர்தலில், திருச்செங்கோட்டில் அ.தி.மு.க.வின் பி. தங்கமணி மிகச் சொற்ப வாக்குகளில் முந்தினார். மாநில அளவிலும் தெளிவான அலை இல்லாத தேர்தல் அது. தனித்து நின்ற தே.மு.தி.க. புதிதாக நுழைந்து இரு தரப்பின் வாக்குகளையும் அரித்திருந்தது. அலை தெளிவாக இருந்தபோதெல்லாம் அதனோடு சென்ற தொகுதி, அலை மங்கிய ஒரு முறை எதிர்ப்பக்கம் சிறிது சாய்ந்தது என்று கூறுவதே பொருத்தம். இதைக் கொள்கை மாற்றமாகக் காட்டுவது மிகை.

2008 மறுவரையறை அடுத்த திருப்பம். 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் எல்லைகள் திருத்தப்பட்டபோது, மேற்கே காவிரிக் கரையின் விசைத்தறிப் பகுதிகள் பிரிந்து குமாரபாளையம் என்ற புதிய தொகுதியாயின. தங்கமணி அங்குச் சென்று 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டு, சட்டமன்றத் தொகுதி புதிய நாமக்கல் மக்களவைத் தொகுதியிலும், எடப்பாடி சேலம் மக்களவைத் தொகுதியிலும் சேர்க்கப்பட்டன. 1989இல் கம்யூனிஸ்ட் வெற்றியைச் சாத்தியமாக்கிய தொழிலாளர் வாக்கின் பெரும்பகுதி இவ்வாறு வெளியேறியபின், எஞ்சிய திருச்செங்கோட்டில் நிலமும் ரிக் தொழிலும் கொங்கு வேளாளர் அமைப்புகளும் முன்பைவிட முக்கியத்துவம் பெற்றன.

அந்த அமைப்புகள் கட்சி வடிவம் பெற்றதும் இதே காலத்தில்தான். 1975இல் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்ட கொங்கு வேளாளர் சமூகத்தின் பேரவை, 2009இல் கொங்குநாடு முன்னேற்றக் கழகமாக உருவெடுத்து, அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் தனித்து நின்று மேற்கு மாவட்டங்களில் குறிப்பிடத்தக்க வாக்குகளைப் பெற்றது. 2011இல் தி.மு.க. அணியில் ஏழு இடங்களில் நின்று ஒன்றிலும் வெல்லவில்லை. திருச்செங்கோட்டில் அத்தேர்தலின் வெற்றி, அ.தி.மு.க. தன் கூட்டாளியான தே.மு.தி.க.வுக்கு விட்டுக்கொடுத்ததால் அக்கட்சியின் பி. சம்பத்குமாருக்குப் போனது. அதன்பின் அக்கழகம் பிளவுபட, 2013இல் ஈ.ஆர். ஈஸ்வரன் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியைத் தொடங்கினார். 2014இல் பா.ஜ.க. அணியில் பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில் நின்று தோற்ற அவர், பிறகு தி.மு.க. அணிக்கு வந்தார். 2016இல் திருச்செங்கோட்டில் அ.தி.மு.க.வின் பொன். சரஸ்வதி வென்றார், 1957 முதலான உறுப்பினர் பட்டியலில் இடம்பெறும் ஒரே பெண் அவரே. 2021இல் ஈஸ்வரன் அவரை மூவாயிரத்துக்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தார்.

எடப்பாடியில் 2021இல் பதிவான வாக்கு இதோடு ஒப்பிடும்போது மலைக்க வைப்பது. 2011இலிருந்து அத்தொகுதியை மீட்டு வைத்திருந்த பழனிசாமி, 2016இல் பா.ம.க. வேட்பாளரை 42,022 வாக்குகளில் வென்றவர்; அப்போது தி.மு.க. மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. 2017 பிப்ரவரியில் முதலமைச்சரான அவர், 2021 தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலேயே, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் வன்னியருக்கு 10.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளிக்கும் சட்டமுன்வடிவைப் பேரவையில் நிறைவேற்றச் செய்து, பா.ம.க.வைத் தம் அணியில் நிறுத்தினார். ஆட்சி பறிபோன அத்தேர்தலில் அவருடைய வேறுபாடு 93,802 வாக்குகள். அந்த ஒதுக்கீட்டை உயர்நீதிமன்றம் 2021 நவம்பரிலும், உச்சநீதிமன்றம் 2022 மார்ச்சிலும் செல்லாதெனத் தீர்ப்பளித்தன. ஆட்சித் தலைவரின் சொந்த ஊர் என்ற பெருமிதமும், வன்னியர், கொங்கு வேளாளர் என்னும் போட்டிச் சமூகங்கள் இரண்டும் ஒரே அணியில் சேர்ந்த அரிய தருணமும் கூடியதால் விளைந்த அந்த எண்ணை வெறும் தலைவர் செல்வாக்காகப் படிப்பது அரைகுறை வாசிப்பாகும்.

திருச்செங்கோட்டின் 2021 முடிவில் சட்ட நுணுக்கம் ஒன்றும் அடங்கியுள்ளது. ஈஸ்வரன் தம் கட்சியின் பெயரில் வாக்குக் கேட்டாலும், போட்டியிட்டது தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் ஒதுக்கீட்டுச் சின்னம் அக்கட்சி நிறுத்தும் வேட்பாளருக்கே உரியது என்பதால், தேர்தல் ஆணையத்தின் கணக்கில் அவர் தி.மு.க. உறுப்பினர், கட்சித்தாவலைத் தடுக்க 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணையின்படி, அக்கட்சிக் கொறடாவின் ஆணைக்கும் கட்டுப்பட்டவர். அத்தேர்தலில் தி.மு.க. பெற்றதாகக் கணக்கிடப்படும் 133 இடங்களில் எட்டு, இவ்வாறு உதயசூரியனில் நின்ற தோழமைக் கட்சியினருடையவை. இந்த ஏற்பாட்டில் சிறு கட்சிக்குத் தெரிந்த சின்னத்தின் பலனும், பெரிய கட்சிக்குச் சட்டமன்ற எண்ணிக்கையின் உறுதியும் கிடைக்கின்றன; தனிச்சின்னம் பெற்று வளரும் வாய்ப்பைச் சிறு கட்சி விலையாகக் கொடுக்கிறது. 1989இல் மார்க்சிஸ்டுகளும் 2011இல் தே.மு.தி.க.வும் தத்தம் சின்னத்திலேயே இங்கு வென்றதை நினைத்தால், விட்டுக்கொடுக்கும் முறையே முப்பதாண்டுகளில் இறுகிவிட்டது புலப்படும். 2019லும் 2024லும் நாமக்கல் மக்களவைத் தொகுதியை அதே கொங்குக் கட்சி அதே சின்னத்தில்தான் வென்றது.

தொகுதி எல்லைகளின் இன்றைய வடிவமும் நிலையானதன்று. 2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகும் வரை இடங்களின் எண்ணிக்கையை உறையவைத்திருக்கிறது. அதன்பின் அமையும் ஆணையம், ரிக் வண்டிகளோடு வெளிமாநிலங்களில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பவர்களையும், தறிகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்து குடியேறுபவர்களையும் எந்த ஊரின் கணக்கில் சேர்க்கும் கணக்கெடுப்பைக் கொண்டு எல்லை வகுக்கிறதோ, அதைப் பொறுத்தே குமாரபாளையம், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய மூன்றின் வாக்காளர் பட்டியல்கள் மீண்டும் கலைத்து அடுக்கப்படும்.